லாரி வராத வழி

பிள்ளைகளே, என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். புது சைக்கிள், முன்னால் கூடை வைத்தது. அதைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நான்தான் கொண்டு வந்தேன். ஓட்டிக்கொண்டு வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தேன். மகள் எனக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்து, வாசலில் நின்று, "வந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

ஏன் தள்ளினேன் என்றால், என் வீட்டுக்காரி அப்படிச் சொல்லியிருந்தாள். எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. லாரி போனால் எங்கள் வீட்டு அலமாரியில் தட்டும் டம்ளரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்த ரோட்டில் மகள் சைக்கிள் ஏறக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதனால் சைக்கிள் வீட்டிலேயே இருந்தது. ஹாண்டில்பாரில் ரவிக்கை காய்ந்தது, சீட்டில் துண்டு காய்ந்தது, கேரியரில் முறம் வைத்து வத்தல் காய்ந்தது.

இப்படி ஆறு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் டீக்கடையில் நாலைந்து பேர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். தலையில் ஹெல்மெட், காலில் ஒட்டிக்கொண்ட டிராயர். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மகள் பால் வாங்க வந்திருந்தாள்.

"எங்க சார் போறீங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"சும்மாதான்."

"சும்மான்னா, யாரையாவது பாக்கவா?"

"இல்லீங்க. வண்டி வராத ரோடா, மேடும் பள்ளமுமா, மலை ஓரமாப் பாத்துச் சுத்திட்டு வருவோம்."

அவர்கள் போன பிறகு டீக்கடைக்காரர் என்னிடம், "பாவம், வீட்ல எதுனா பிரச்சனையா இருக்கும்" என்றார். அவர்கள் அந்தச் சைக்கிள்களைப் புதுச்சேரியிலிருந்து கார் தலையில் கட்டிக்கொண்டு வந்து, திண்டிவனம் தாண்டித்தான் இறக்கினார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு இன்னும் பாவமாகப் போய்விட்டது.

மகளுக்குப் பாவமாக இல்லை. பால் தூக்கோடு ஓடிப் போய் அம்மாவிடம் நின்றாள். "அம்மா, லாரியே வராத வழி இருக்காம். மலை ஓரமா இருக்காம். அதுல போலாமாம்."

"எங்க இருக்கு? காட்டச் சொல்லு உங்கப்பாவ."

நான் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன்.

"கேட்டுக்கங்க," என்றாள் என் வீட்டுக்காரி. "லாரி, பஸ்சு, டிராக்டர், ஒன்னும் வரக் கூடாது. நான் உங்க கேரியர்ல உக்காந்து வந்து என் கண்ணால பாக்கணும். ஒன்னு வந்தாலும் அன்னிக்கே இந்தச் சைக்கிள் விழுப்புரம் போயிடும்." விழுப்புரத்தில் அவள் தம்பி இருக்கிறான். அவனுக்கும் ஒரு மகள். சைக்கிள் சும்மா நிற்கிறது என்று கேள்விப்பட்டு, சீட்டைக் கீழே இறக்க முடியுமா என்று ஏற்கெனவே ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டான்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். திண்டிவனத்தில் ஒரு மண்டியில் மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலைதான், எடை போடுகிற வேலை. மலை ஓரத்து வழியெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவள் பார்த்த பார்வைக்கு, "பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

முதல் ஞாயிறு என் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் போனேன். லாரி இல்லை. எதுவுமே இல்லை. ஏன் இல்லை என்று கொஞ்ச தூரம் போனதும் தெரிந்தது. கரை முழுக்கச் சீமைக் கருவேல முள். திரும்பி வந்து பஞ்சர் கடையில் டயரைக் காட்டினேன். கடைக்காரர் முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கல்லின் மேல் வரிசையாக வைத்தார்.

"இத்தோட எப்படிண்ணே வந்தே?"

"தள்ளிக்கினுதான்."

"அப்பச் சைக்கிள் எதுக்கு எடுத்துக்கினு போனே?"

இரண்டாவது ஞாயிறு கொஞ்சம் தூரமாக, திருவக்கரைப் பக்கம் போனேன். அங்கே செம்மண் மேடும் பள்ளமுமாக இருக்கும், மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கும், நீங்களும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கல்லாய்ப் போன மரம் இருக்கிற இடத்தில் கூட்டம் எங்கே வரப் போகிறது என்பது என் கணக்கு. அன்றைக்குப் பௌர்ணமி என்பதை நான் பார்க்கவில்லை. அம்மன் கோயிலுக்கு வேன் வேனாக ஜனம். நடுவில் மாட்டிக்கொண்டு, வெளியே வர வழி தெரியாமல், எந்த வரிசை நகர்ந்ததோ அதிலேயே நகர்ந்து சன்னதிக்கே போய்விட்டேன். நெற்றி நிறையக் குங்குமத்தோடு வீட்டுக்கு வந்தவனை என் வீட்டுக்காரி ஒரு நிமிடம் பார்த்தாள்.

"வழி பாக்கப் போனீங்களா, சாமி பாக்கப் போனீங்களா?"

"ரெண்டும் ஒரே வழியா இருந்துச்சு."

மூன்றாவது ஞாயிறுதான் மலைப் பக்கம் திரும்பினேன். எங்கள் பக்கத்து மலையில் ஒரு தொந்தரவு உண்டு. கல் உடைக்கிற மலைக்கு ரோடு இருக்கும், ரோட்டில் டிப்பர் லாரியும் இருக்கும். கல் உடைக்காத மலைக்கு லாரி வராது, ரோடும் வராது. உடைக்காத மலைக்கு ரோடு வேண்டும் என்றால் யார் போட்டுத் தருவார்கள்? ஆனால் போட்டிருந்தார்கள். இரண்டு குன்றுகளுக்குப் பின்னால், ஒரு சின்ன ஊரிலிருந்து இன்னொரு சின்ன ஊருக்குப் புதுத் தார் ரோடு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வண்டிப்பாதையிலேயே போய் அதில் ஏறிவிடலாம். மெயின் ரோட்டை மிதிக்கவே வேண்டாம்.

அந்த இடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பாறை மேல் பாறை. யாரோ அடுக்கிக்கொண்டிருந்தவர் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வராதது போல இருக்கும். நடுவில் மேட்டு நிலம், இடுப்பளவு மஞ்சள் புல், அங்கங்கே சீத்தாச் செடி. காற்று அடித்தால் புல் எல்லாம் ஒரே பக்கம் படுத்து எழுந்திருக்கும். கவுதாரி கத்துகிற சத்தம் மட்டும்தான். எனக்கே சும்மா சுத்திட்டு வரலாம் போல இருந்தது.

ஆனால் நான் வந்தது வேலையாக. ஒரு சின்னப் பாலத்து மேல் உட்கார்ந்து, வண்டி வருகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு புல்லுக்கட்டு தானாக நகர்ந்து வந்தது. கிட்டே வந்ததும் அதற்குக் கீழே ஒரு மொப்பெட் இருந்தது. அப்புறம் ஒரு மந்தை வெள்ளாடு. அப்புறம் நடந்து வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னாத்துக்கு இங்க உக்காந்துகினு இருக்கீங்க?"

"வண்டி வருதான்னு பாக்குறேன்."

"வராதே."

"அதான் பாக்குறேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை. "சொன்னேன் இல்ல?" என்று எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னதும் அவள் சைக்கிள் மேலிருந்த துணியை எல்லாம் எடுத்து மடித்து வைத்தாள். இதுவரைக்கும் எல்லாம் சரி. இனிமேல்தான் நான் செய்த தப்பு. நான் அந்த ரோட்டைப் பார்த்தது தை மாதம் முதல் வாரம். என் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போனது மாசியில். நடுவில் இரண்டு கல்யாணம், மண்டியில் வேலை, அவளுக்கு முட்டி வலி. தையில் பார்த்த ரோடு மாசியிலும் அப்படியே இருக்கும் என்று பட்டணத்துக்காரர் நினைக்கலாம். எங்கள் ஊரில் பிறந்தவன் நினைக்கலாமா? நினைத்தேன்.

அந்த ஞாயிறு காலையில் கிளம்பினோம். மகள் முன்னால், அவள் சைக்கிளில். பின்னால் என் பழைய சைக்கிள். கேரியரில் என் வீட்டுக்காரி, மடியில் புளிசோற்றுத் தூக்கு, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் குடை.

"குடை எதுக்கும்மா? பொழுதே இன்னும் ஏறல," என்று அவளைக் கேட்டேன்.

"நீங்க ஓட்டுற வேகத்துக்குப் பொழுது ஏறிடும்."

மேடு வந்ததும் அவள் இறங்கி நடந்தாள். நான் மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மகள் மேட்டு உச்சியில் நின்று, "சீக்கிரம் வாங்க, காத்து சூப்பரா இருக்கு!" என்று கத்தினாள்.

உச்சியில் நின்று நான் கையை விரித்துக் காட்டினேன். "பாத்தியா? லாரி இருக்கா? பஸ்சு இருக்கா? ஒரு ஈ காக்கா இருக்கா?"

அவள் நாலு பக்கமும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

"ஆளே இல்லியே."

"அதானே கேட்ட நீ?"

"நான் லாரி வேணாம்னு சொன்னேன். ஆளும் வேணாம்னா சொன்னேன்? பொண்ணு இங்க விழுந்தா யாரு தூக்குறது? ஒரு சத்தம் போட்டா யாரு கேக்குறது?"

மூன்று ஞாயிறு சுற்றியிருக்கிறேன், இது என் புத்தியில் ஏறவே இல்லை. வண்டி இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம் என்று கோபப்படலாமா என்று பார்த்தேன். ஆனால் அவள் சொன்னது நியாயம். மகள் பெல்லை ஒரு தரம் அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, மிச்சத்தையும் பாத்துடலாம்," என்று என் வீட்டுக்காரி மறுபடியும் கேரியரில் ஏறினாள்.

அந்தப் பக்கம் இறக்கம். என் சைக்கிளுக்குப் பிரேக் உண்டு, இரண்டு ஆள் பாரத்துக்குப் பிடிக்கிற பிரேக் இல்லை. என் வீட்டுக்காரி திருவக்கரை அம்மனைச் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தாள். வளைவு திரும்பினோம். ரோடு காணோம்.

ரோடு இருந்த இடத்தில் உளுந்து. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த உளுந்துச் செடி. எங்கள் பக்கத்தில் அறுத்த செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். வண்டி ஏறி ஏறிக் காய் உடைந்து பருப்பு உதிரும். மாசி மாதம் ரோடெல்லாம் களம்தான். எங்கள் வீட்டு உளுந்தையே போன வாரம் மெயின் ரோட்டில் போட்டு, எந்த லாரியைக் கண்டு என் வீட்டுக்காரி பயப்படுகிறாளோ அந்த லாரியை விட்டே அரை மணியில் உதிர்த்துவிட்டோம். அப்படிப்பட்ட நான் மறந்துபோனேன்.

மகள் கால் ஊன்றி முன்னாலேயே நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. உளுந்துக்குள் போய், சக்கரத்தில் செடி சுற்றி, மெத்தையில் சாய்வது போல இரண்டு பேரும் சாய்ந்தோம். அடி படவில்லை. புளிசோறும் சிந்தவில்லை.

வேப்பமரத்து நிழலிலிருந்து நாலு பெண்கள் எழுந்து ஓடி வந்தார்கள். தூக்கிவிடத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

"வண்டி வந்துடுச்சுடி!" என்றாள் ஒருத்தி. கிட்டே வந்து பார்த்து, "தூ, சைக்கிளு" என்றாள்.

புடவை மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்த அம்மாதான் அந்த உளுந்துக்குச் சொந்தக்காரி. அவர் என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துத் தூக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. வெள்ளிக்கிழமை போட்டது. இந்த ரோட்ல ஒரு வண்டி வருதா? நல்லா ரோடு போட்டுக் குடுத்தாங்க, வண்டி யாரு குடுப்பா? ஒரே பேஜாரு. டிராக்டருக்குச் சொல்லிக்கினு இருக்கோம், வர்றேன் வர்றேன்றான்."

டிராக்டர்! லாரி, பஸ், டிராக்டர் என்று என் வீட்டுக்காரி தன் வாயால் சொன்னது. நல்ல வேளை, அவள் மற்ற மூன்று பேரோடு சேர்ந்து புடவையில் ஒட்டியதைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"டிராக்டர் எதுக்கும்மா? டீசல் வீண். நாங்களே மிதிச்சுத் தர்றோம். ரெண்டு சைக்கிள் இருக்கு."

"சைக்கிள்ல உதிருமாண்ணே?"

"நாலு தரம் போனா உதிரும். அவன வேணாம்னு சொல்லிடுங்க, ஜல்தி."

மகளுக்கு நான் கண்ணைக் காட்டினேன். அவள் புத்திசாலி, புரிந்துகொண்டாள். இரண்டு பேரும் உளுந்து மேல் போகவும் வரவுமாக இருந்தோம். பிள்ளைகளே, உளுந்துச் செடி மேல் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். இல்லை, பார்க்க வேண்டாம். சேற்றில் மாடு நடக்கிற மாதிரி இருக்கும். நாலு மிதிக்கு ஒரு தரம் செயினில் செடி சுற்றும், இறங்கிப் பிடுங்க வேண்டும். சட்டைக்குள் எல்லாம் சொணை அரிக்கும். மகள் மெலிந்தவள், சிரித்துக்கொண்டே மேலேயே போய்விட்டாள். நான்தான் புதைந்தேன்.

"எதுக்கு உங்க அண்ணன் இப்படிச் சுத்துறாரு?" என்று என் வீட்டுக்காரி கேட்டது எனக்குக் கேட்டது.

"தங்கமான மனுஷன் அண்ணி. டிராக்டர் வேணாம், நானே மிதிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டாரு."

நிழலில் புளிசோற்றுத் தூக்கைத் திறக்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரி நாலு பேருக்கும் இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம் ஓரத்துல இன்னும் போவல பாருங்க!" என்று எனக்குக் குரல் கொடுத்தாள். "நல்லா அழுத்தி மிதிங்க!"

அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் டிராக்டர் வராதவரைக்கும் அவள் சொன்ன நிபந்தனை உடையவில்லை என்று மிதித்தேன். ஒரு மணி நேரம் மிதித்தேன். சட்டை போட்ட அம்மா குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்து, "ஒரு படி கூடத் தேறாதுண்ணே" என்றார். அவர் முடிப்பதற்குள் கீழே பள்ளத்தில் டடடட என்று சத்தம் கேட்டது.

"வேணாம்னு சொல்லலியா?" என்று கத்தினேன்.

"எங்கண்ணே, இங்க டவரே எடுக்கல!"

டிராக்டர் வளைவில் தலை காட்டியது. நான் பதறிப் போய், வராதே என்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். சைக்கிளில் இருக்கும்போது இரண்டு கையையும் தூக்கக் கூடாது. ரோட்டோரத்துப் பள்ளத்தில் சைக்கிளோடு போய் உட்கார்ந்தேன்.

மகள் நடு ரோட்டில் இருந்தாள். அவள் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தாள். பெல்லை ஒரு தரம் அடித்தாள். இறங்கினாள். சைக்கிளை அப்படியே தூக்கி, உளுந்தைத் தாண்டி, ஓரத்துப் பாறையில் சாய்த்தாள். ஒரு கையால் பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் டிரைவரைப் பார்த்து, போங்கள் என்று காட்டினாள். பஸ் நிலையத்தில் போலீஸ்காரர் காட்டுவது போல இருந்தது.

டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "ரைட்டு பாப்பா. அப்படியே அந்த அப்பாவையும் தூக்கி ஓரமா வையி" என்றார்.

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. எழுந்து நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிராக்டர் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, நான் ஒரு மணி நேரம் மிதித்ததைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டது. அவள் அப்போதும் மகளைத்தான் பார்த்தாள். மகள் பாறை ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதுதான் கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டாள் போல, செயினில் சுற்றியிருந்த செடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரி சட்டை போட்ட அம்மாவிடம் ஒன்று கேட்டாள். "உளுந்து முடிஞ்சா இந்த ரோட்ல இன்னா போடுவீங்க?"

"கொள்ளு போடுவோம் அண்ணி. அப்புறம் எள்ளு. அப்புறம் மல்லாட்டை காயும், அப்புறம் கேப்பை வந்துடும். நாங்க எங்க போவப் போறோம்? இங்கதான் உக்காந்துகினு இருப்போம்."

அவள் தலையை ஆட்டினாள். குடையை எடுத்தாள், காலித் தூக்கை எடுத்தாள். கிளம்பலாம் என்று நான் என் சைக்கிளை நிமிர்த்தி, கேரியரைத் துண்டால் துடைத்து வைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். மகளின் கேரியரில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"தாங்குமாடி?"

மகள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "தாங்கும்மா."

"அப்ப எடு."

எனக்கு நம்ப முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான். "ஏம்மா, டிராக்டர் வந்துடுச்சே?" என்று கேட்டுவிட்டேன். மகள் பல்லைக் கடித்தாள்.

"வந்துச்சு. வந்தா இன்னா செய்யணும்னு அவளுக்குத் தெரியுது," என்றாள் என் வீட்டுக்காரி. "ஆளும் இருக்கு. அவ இந்த ரோட்ல எந்த ஞாயித்துக்கிழமை வேணாலும் போவட்டும். உங்களத்தான் தனியா உடக் கூடாது."

பெண்கள் ஒரு மடி உளுந்தைத் துண்டில் முடிந்து என்னிடம் கொடுத்தார்கள். மிதித்த கூலியாம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். முன்னால் குடை விரித்தபடி அம்மா, மிதிக்கிறது மகள். மேடு வந்ததும் இரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள். நான் இறங்கக் கூடாது, இதையாவது ஏறிக் காட்ட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். என் மூச்சுச் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். மகள் திரும்பிப் பார்த்தாள். சைக்கிளை ஓரமாக நிறுத்தினாள், அம்மாவையும் ஓரமாக இழுத்துக்கொண்டாள், எனக்குக் கையைக் காட்டினாள்.

"போங்கப்பா, ரைட்டு."